காவல் பலகையில் ஒன்பது நாள்

இப்போதெல்லாம் கல்லூரியில் பேர் கூப்பிடுவதில்லையாம். ஒரு தாளைச் சுற்றி விடுகிறார்களாம். அவரவர் பேருக்கு நேரே கையெழுத்துப் போட்டுவிட்டால் ஆள் வந்ததாக அர்த்தமாம். நான் கடைசியாக வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் எனக்குப் பின்னால் சேர்ந்த ஆயாக்கள் இரண்டு பேர் இதைச் சொல்லிவிட்டு, எங்கள் காலத்தில் எப்படி என்று கேட்டார்கள்.

எங்கள் காலத்தில் கூப்பிட்டார்கள். கூப்பிட்டால் பதில் வந்தது. பதில் சொன்னது யார் என்பதில்தான் ஒரு சின்னத் தகராறு. அதை எழுதுகிறேன். நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் வாத்தியார்கள் திருத்திக்கொள்ளட்டும். அவர்களுக்கும் ஏதாவது வேலை வேண்டுமே.

பட்டணத்தின் மேல் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று ஜனம் மூட்டை கட்டிய வருஷம், ஒரு கல்லூரியும் மூட்டை கட்டிக்கொண்டு திருத்தணிக்கு வந்தது. ரயிலில் தகரப் பெட்டிகள் வந்தன, உலகப் படங்கள் வந்தன, பாடம் நடத்த வைத்திருந்த ஓர் எலும்புக்கூடும் வந்தது. ஸ்டேஷனிலிருந்து அதை மாட்டு வண்டியில் உட்காரவைத்துக் கொண்டுவந்தபோது, மலைக்குப் போகிற கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. அந்தக் கல்லூரிக்குக் கிடைத்த முதல் மரியாதை அதுதான்.

மலை அடிவாரத்தில் காலியாகக் கிடந்த ஒரு சத்திரத்தை வாடகைக்குப் பிடித்தார்கள். கூட்டிப் பெருக்க, தண்ணீர் எடுக்க, மணி அடிக்க ஓர் ஆள் கேட்டார்கள். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. வேலை கற்றுக்கொள்ள மூன்று நாள் ஆயிற்று. அதில் இரண்டு நாள், யாரைப் பார்த்தால் எழுந்து நிற்க வேண்டும், யாரைப் பார்த்தால் ஓடிப் போக வேண்டும் என்பதற்கே போய்விட்டது. மணி என்பது வேப்பமரத்தில் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு. ஓங்கி அடித்தால் மலையில் முதல் வளைவு வரைக்கும் கேட்கும்.

பட்டணத்திலிருந்து பெஞ்சுகள் வரவில்லை. அதனால் ஆசாரியை வைத்து மாமரத்தில் ஆளுக்கு ஒரு மணைப் பலகை செய்தார்கள். ஒவ்வொன்றின் மேல்பக்கத்திலும் தாரால் ஒரு எண். அந்த எண்தான் அந்த மாணவன். வாத்தியார்கள் கூப்பிடுவதும் எண்ணைத்தான், அதுவும் இங்கிலீஷில். என் வேலையில் பாதி அந்தப் பலகைகளோடுதான் போயிற்று. பாக்கிப் பாதி பாத்திரங்களோடு.

பலகைக்குச் சட்டம் உண்டு. பரீட்சையில் தவறினாலோ, வராமல் இருந்து நாள் குறைந்தாலோ, உடனே வெளியே அனுப்ப மாட்டார்கள். ஒரு பருவம் காவலில் வைப்பார்கள். மற்றவர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க, அவன் பலகை மட்டும் பக்கத்துச் சுவரோரம், வாத்தியாரின் வலது கைக்குக் கீழே போகும். அதற்குக் காவல் பலகை என்று பேர் வைத்தவள் நான். பிரின்ஸ்பால் கூட அப்புறம் அப்படித்தான் சொன்னார். காவலில் இருப்பவன் அந்தப் பருவத்தில் லீவு வாங்காமல் இரண்டு நாளுக்கு மேல் தவறக்கூடாது. லீவும் பிரின்ஸ்பால் கையால்தான் வாங்க வேண்டும். மூன்றாம் நாள் தவறினால் பேர் அடித்துவிடுவார்கள்.

அடிப்பவர் பெரிய குமாஸ்தா. வேலூர்ப் பக்கத்து ஆள், ஒல்லியான உடம்பு, குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அவர் பேர் அடிக்கிற அழகைச் சொல்ல வேண்டும். முதலில் பெரிய ரிஜிஸ்தரைத் திறப்பார். சிவப்பு மைப் புட்டியை இடது பக்கம் வைப்பார். பேனா முள்ளைத் துணியில் மூன்று தடவை துடைப்பார். ரூல் தடியை அந்தப் பேரின் மேல் வைத்து, இடமிருந்து வலமாக ஒரே கோடு. இரண்டாவது கோடு கிடையாது. மை ஒற்றும் தாளும் கிடையாது. எழுந்து நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மை தானாகக் காய்கிற வரை பார்த்துக்கொண்டே நிற்பார். ஒற்றித்தான் எடுக்கலாமே என்று ஒரு தடவை வாயை அடக்காமல் கேட்டுவிட்டேன்.

"செவப்பு மை ஈரமா இருக்கறப்ப அவசரப்படக் கூடாது செங்கம்மா. எதிர்ப் பக்கத்துல இருக்கறவன் பேர்லயும் ஒட்டிக்கும்" என்றார்.

காய்ந்ததும் மெதுவாக, "பலகை" என்பார். நான் போய் அந்தப் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து, பொருள் அறையில் எண்ணைச் சுவர்ப் பக்கம் திருப்பிச் சாத்திவைப்பேன். அவ்வளவுதான், அவன் இல்லை.

திரும்பிச் சேர ஒரு வழி இருந்தது. ஒரு மாதத்துக்குள் அப்பன் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிய மனுவோடு ஆளே நேரில் வந்து பிரின்ஸ்பால் முன்னால் நிற்க வேண்டும். அவர் மனம் இரங்கினால் ரிஜிஸ்தரின் கடைசியில் அதே எண்ணைப் போட்டுப் புதிதாகப் பேர் எழுதுவார்கள். நான் பலகையைக் கிணற்றடியில் கழுவி, வெயிலில் காயவைத்து, மறுபடி காவல் இடத்தில் போடுவேன். பட்டணத்துப் பணக்காரப் பிள்ளை ஒருவன் திரும்பிச் சேர்ந்த அன்று பலகைக்கு மாலை போட வந்தான். பொட்டும் நானே வைத்துவிடட்டுமா என்று கேட்டேன். மாலையைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

ஆனால் திரும்பிச் சேருவது ஒரு தடவைதான். இரண்டாம் கோடு விழுந்தால் அந்தக் கல்லூரியில் அவனுக்குக் கதவு இல்லை. வேறு எங்கே போனாலும் அந்தக் கோடு காகிதத்தில் கூடவே போகும்.

தணிகாசலம் அம்மையார்குப்பத்து நெசவுக்காரர் மகன். எண் நாற்பத்தொன்று. ஒரு தடவை பேர் அடிபட்டு, கெஞ்சித் திரும்பி வந்து, காவல் பலகையில் உட்கார்ந்திருந்தான். காய்ச்சலில் இரண்டு நாள் ஏற்கெனவே போயிற்று. இன்னும் ஒரு நாள் தவறினால் தீர்ந்தது. அந்த நேரம் பார்த்து ஆடி மாதத்தில் ஒரு காலை, கிணற்றடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த என்னிடம் வந்து நின்றான். அவன் அப்பாவுக்கு ரத்தமாக இருமுகிறதாம், ஆள் அனுப்பியிருக்கிறார்கள். லீவு கேட்கலாம் என்றால் பிரின்ஸ்பால் பட்டணம் போயிருந்தார். அவரைத் தவிர வேறு யாரும் லீவு தர முடியாது.

"நாலு நாள்ல வந்துடுவேன்கா. அதுவரைக்கும் என் பலகைய எடுத்துடாதீங்க" என்றான்.

"எடுக்கச் சொன்னா எடுக்கணும் ராசா. சொல்லாத வரைக்கும் எடுக்க மாட்டேன். நீ போ, உங்க நைனாவப் பாரு" என்றேன்.

மறுநாள் நடந்ததை நான் திட்டம் போட்டுச் செய்யவில்லை. வகுப்பு நடந்த கூடம், அந்தக் காலத்தில் சாப்பாட்டுப் பந்தி போட்ட இடம். தரை கழுவின தண்ணீர் வெளியே போக, பக்கத்துச் சுவரில் தரையோடு தரையாக ஒரு துவாரம் உண்டு. காவல் பலகை போட்டிருந்தது அந்தத் துவாரத்துக்கு நேராக. சுவருக்கு இந்தப் பக்கம் நான் குந்திக்கொண்டு பாத்திரம் தேய்க்கிற இடம். உள்ளே பேசுவதெல்லாம் எனக்குக் கேட்கும்.

பேர் கூப்பிடுவது நாளுக்கு ஒரே தடவை, முதல் மணிக்கு. அப்போது வருவார் லாஜிக் வாத்தியார். வயதானவர். பேர் கூப்பிடும்போது ரிஜிஸ்தரை விட்டுத் தலையைத் தூக்கவே மாட்டார். பதில் வந்தால் ஒரு புள்ளி. வராவிட்டால் ஒரு வட்டம். "ஃபார்ட்டி" என்றார், பதில் வந்தது. "ஃபார்ட்டி ஒன்" என்றார். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. அந்த வட்டம் விழப்போகிற நேரத்தில் என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"பிரசன்ட் சார்."

எனக்கு யார் குரலும் வரும். பிரின்ஸ்பாலின் கனைப்பு, மடப்பள்ளிக்காரரின் கொட்டாவி, எல்லாம் செய்து காட்டி ஊரைச் சிரிக்கவைத்தவள். தணிகாசலத்தின் குரல் கொஞ்சம் கரகரப்பு. சார் என்பதைத் தறியில் நூல் இழுக்கிற மாதிரி நீட்டுவான். அப்படியே வந்தது. வாத்தியார் புள்ளி வைத்துவிட்டு அடுத்த எண்ணுக்குப் போய்விட்டார்.

உள்ளே இருந்தவர்கள் கதை வேறு. அவர்களுக்குக் காலிப் பலகையிலிருந்து குரல் வந்தது. ஆள் உட்கார்ந்திருந்தால் வாய் எங்கே இருக்குமோ அதற்குச் சற்றுக் கீழே. பாடம் முடிந்து வெளியே வந்தவர்கள் முகத்தைப் பார்த்தேன். அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வெளுத்திருந்தது. நான் ஒன்றும் தெரியாதவள்போல், இன்னாப்பா பாடம் அவ்வளவு கஷ்டமா என்று கேட்டேன்.

இரண்டாம் நாளும் சொன்னேன். மூன்றாம் நாள் பக்கத்தில் இருந்தவர்கள் பலகைகளை ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். நாலாம் நாள் காவல் பலகையின் மேல் ஒரு எலுமிச்சம்பழமும் விபூதிப் பொட்டலமும் இருந்தன. தணிகாசலம் ஊருக்குப் போகிற வழியில் செத்துவிட்டான், பேர் அடித்துவிடுவார்கள் என்ற பயத்தில் செத்தும் வந்து உட்காருகிறான் என்று பேசிக்கொண்டார்கள். பழத்தை எடுத்துப் போய் ஊறுகாய்க்கு நறுக்கினேன். சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்தது.

நாலு நாளில் வருகிறேன் என்றவன் வரவில்லை. ஐந்து, ஆறு என்று போயிற்று. ஏழாம் நாள் சாயங்காலம் கூடத்தைப் பெருக்கினேன். ஆடிக் காற்றில் செம்மண் புழுதி ஜன்னல் வழியாக வந்து எல்லாவற்றின் மேலும் ஒரு விரல் படிந்திருந்தது. காவல் பலகை மேலும் படிந்திருந்தது, ஓரங்களில் மட்டும். நடுவில், ஒருவன் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் எவ்வளவு மறையுமோ அவ்வளவு இடம் சுத்தமாக இருந்தது.

பூனை படுத்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தச் சத்திரத்தில் பூனை கிடையாது. அதையும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

எட்டாம் நாளும் பதில் சொன்னேன். மறுநாள் ஆடிக் கிருத்திகைக்கு முந்தின வேலை நாள். அதோடு மூன்று நாள் விடுமுறை. ஒன்பதாம் நாளை மட்டும் தாண்டிவிட்டால் போதும் என்று நினைத்தேன்.

ஒன்பதாம் நாள் முதல் மணி அடித்துவிட்டுப் பாத்திரத்தில் கை வைத்தேன். சாம்பலைத் தொட்டிருப்பேன், தலைக்கு மேலே நிழல் விழுந்தது. பெரிய குமாஸ்தா. கக்கத்தில் பெரிய ரிஜிஸ்தர், ஒரு கையில் ரூல் தடி, ஒரு கையில் சிவப்பு மைப் புட்டி. எட்டு நாள் பேச்சும் அவர் காதுக்குப் போயிருந்தது.

"கை கழுவிகினு வா செங்கம்மா. பலகை எடுக்கணும்" என்றார்.

"யார் பலகைங்க?"

"கூப்ட்டா தெரியும். வா."

அவருக்குப் பின்னால் கூடத்துக்குள் போனேன். என்னைக் காவல் பலகைக்கு எதிரில், தன் பக்கத்தில் நிற்கவைத்தார். முழங்கை இடிக்கிற தூரம். உள்ளே இருந்த அத்தனை பேரும் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாத்தியார் மட்டும் தலை தூக்கவில்லை. எண்கள் ஒவ்வொன்றாகப் போயின. தணிகாசலத்தைக் காப்பாற்ற எனக்கு இருந்தது ஒரு வாய். அந்த வாய் இப்போது எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் இருந்தது. குமாஸ்தா ஜன்னல் விளிம்பில் ரிஜிஸ்தரைத் திறந்து, மைப் புட்டியின் மூடியைத் திருகி எடுத்து, பேனா முள்ளைத் துடைக்க ஆரம்பித்தார். ஒன்று. இரண்டு.

"ஃபார்ட்டி ஒன்."

மலைமேல் எங்கோ காவடிக்காரர்களின் பம்பைச் சத்தம். அது நின்றது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"தோ வந்துட்டேன் சார்."

பலகையிலிருந்துதான் வந்தது. நான் எட்டு நாளில் ஒரு தடவையும் அப்படிச் சொன்னதில்லை. எப்போதும் பிரசன்ட் சார்தான். குரல் மூச்சு வாங்கிற்று, ஓடிவந்தவன் குரல் மாதிரி.

"வந்தா உக்காரு" என்று வாத்தியார் முணுமுணுத்துப் புள்ளி வைத்தார். "ஃபார்ட்டி டூ."

ஃபார்ட்டி டூ பதில் சொல்லவில்லை. பெரிய குமாஸ்தா என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் பார்த்தது என் வாயை. பிறகு விறுவிறு என்று வெளியே போனார். நானும் பின்னால் ஓடினேன். சுவருக்குப் பின்னால் நான் போட்டது போட்டபடி கிடந்தது: பாதி தேய்த்த அண்டா, தேங்காய் நார், சாம்பல். ஈர மண்ணில் என் காலடியும் அவர் செருப்புத் தடமும் மட்டும். அந்தப் பெரிய மனிதர் வேட்டி ஈரமாவதைப் பார்க்காமல் மண்டியிட்டுத் துவாரத்துக்குள் பார்த்தார். நானும் குனிந்து பார்த்தேன். பலகை தெரிந்தது. அதற்கு அப்பால் பயந்து மடக்கிக்கொண்ட கால்கள் தெரிந்தன. பலகையின் மேல் ஒன்றும் இல்லை.

எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். வாத்தியார் வைத்த புள்ளியை ஆபீஸ் மாற்றக் கூடாது என்பது சட்டம். சட்டத்தை அவர் ஒரு நாளும் மீறியதில்லை. உள்ளே போய் மைப் புட்டியை மூடினார். "கொத்தனக் கூப்ட்டு அந்த ஓட்டைய அடைக்கச் சொல்லு" என்று மட்டும் சொன்னார். அன்று மத்தியானமே அடைத்தாயிற்று.

விடுமுறை முடிந்த காலை, வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். தணிகாசலம் வந்தான். தலை மொட்டை. ஊரிலிருந்து நேராக வருகிறானாம், வழியில் யாரையும் பார்க்கவில்லையாம்.

"நைனா போய்ட்டார்கா" என்றான். பிறகு, "என் பேர் அடிச்சுட்டாங்களா?"

"எங்க அடிக்கறது? நீதான் தெனமும் வந்துகினு இருந்தியே" என்றேன்.

நான் கிண்டல் செய்வதாக நினைத்தான். படியில் உட்கார்ந்தான். நைனா போனது எப்போது என்று கேட்டேன். கிருத்திகை விடுமுறைக்கு முந்தின நாள் காலை, இங்கே முதல் மணி அடிக்கிற நேரம் என்றான்.

"நைனா பாய்ல படுத்துகினு இருந்தார். அவர் பாதியில விட்ட சேலைய நான் முடிச்சிகினு இருந்தேன், தறிக் குழியில கால தொங்கப்போட்டுகினு. தூங்கி ரெண்டு நாள் ஆச்சிக்கா. காதுகிட்ட யாரோ ஃபார்ட்டி ஒன்னு கூப்ட்ட மாதிரி கேட்டுது. 'தோ வந்துட்டேன் சார்'னு கத்திகினு எழுந்துட்டேன். நைனா கண்ணத் தெறந்து, 'யார்றா கூப்டறாங்க'ன்னார். காலேஜில நைனான்னேன். 'அப்ப போடா, இங்க இன்னா பண்ற'ன்னார். அதான் கடேசியா பேசினது."

என் கையில் இருந்த செம்பிலிருந்து தண்ணீர் என் கால்மேலேயே ஊற்றிக்கொண்டிருந்தது. எனக்குத் தெரியவில்லை. முதல் எட்டு நாளும் நான்தான் என்று அவனிடம் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. போய் உட்கார், மணி அடிக்கப்போகிறேன் என்று அனுப்பினேன். அந்தப் பருவம் ஒரு நாளும் தவறாமல் வந்து பாஸ் செய்தான். பலகையை மற்ற வரிசைக்கு நானே தூக்கிக்கொண்டு போய்ப் போட்டேன். கனமாக இருந்தது என்று சொன்னால் கதை கட்டுகிறேன் என்பீர்கள். எப்போதும் போலத்தான் இருந்தது. பின்னால் அரக்கோணத்தில் ரயில்வே குமாஸ்தாவாகி, கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்து கொடுத்தான்.

சண்டை முடிந்ததும் கல்லூரி பட்டணத்துக்கே திரும்பிற்று. தகரப் பெட்டிகள் வண்டி ஏறின, எலும்புக்கூடும் ஏறிற்று. பலகைகள் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். அங்கே பெஞ்சு இருக்கிறதாம். கடைசி வண்டி கிளம்பும் முன் பெரிய குமாஸ்தா பொருள் அறை வாசலில் வந்து நின்றார்.

"மொத எட்டு நாளும் நீதான்னு எனக்குத் தெரியும். சாம்பல் கையோட நீ முழிச்ச முழியிலயே தெரிஞ்சிது" என்றார். "ஒம்பதாம் நாளத்தான் கேக்கறேன்."

அறைக்குள் சுவரைப் பார்த்துச் சாத்திய பலகைகளை எண்ணுவதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். பதினேழு பலகை. பதினேழும் அவர் கோடு.

"இவங்கள அதுக்கப்புறம் யாரும் கூப்டல செங்கம்மா. கூப்ட்டிருந்தா பதில் வந்திருக்குமோன்னு நெனச்சிக்கறேன். கோடு போடறப்பல்லாம் காதத் தீட்டிகினு நிக்கறேன்."

எத்தனையோ பேரைப் பார்த்துச் சிரித்தவளால் அவர் முகத்தைப் பார்த்துச் சிரிக்க முடியவில்லை.

"ஒம்பதாம் நாளும் நான்தாங்க" என்றேன்.

"நீ என் பக்கத்துலதான நின்னுகினு இருந்த."

"வாய மூடிகினு வயித்துலருந்து பேசுவேங்க. கூத்துக்காரங்க கிட்ட கத்துக்கினேன்."

மறுபடி என் வாயைப் பார்த்தார். பிறகு முதல் தடவையாக அவர் சிரிப்பதைப் பார்த்தேன். நம்பினாரா என்று தெரியாது. நம்பினதாக இருக்கட்டும் என்று முடிவுசெய்தவர்போல் தலையை ஆட்டிவிட்டு வண்டி ஏறினார்.

வண்டி தெருமுனை திரும்பியதும் உள்ளே போனேன். பதினேழு பலகையையும் ஒவ்வொன்றாகக் கிணற்றடிக்குத் தூக்கிப் போய்க் கழுவி, வெயிலில் காயவைத்து, கூடத்தில் வரிசையாக, எண் தெரியும்படி போட்டேன். வேப்பமரத்துக்குப் போய் முதல் மணியும் அடித்தேன். கூடத்துக்குத் திரும்பி வந்து வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன்.

எண்களைக் கூப்பிடவில்லை. லாஜிக் வாத்தியார் குரலும் எனக்கு நன்றாக வரும். இருந்தாலும் கூப்பிடவில்லை.